நாற்பத்தைந்துக்கு ஒரு மயிரிழை குறைவு

கோமதிநாயகம் ஆசாரி தன் தம்பியை நடுத்தெருவில் வைத்துக் கோணல் கைக்காரன் என்று ஏசிய வருஷத்துக்கு அடுத்த பங்குனியில், செவல்மங்கலத்தில் அவர் தனியாகச் செய்து கொடுத்த படச்சட்டங்களின் மூலைகளிலிருந்து காற்று வர ஆரம்பித்தது. முதலில் கவனித்தது பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சைதான். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த மக்கா படத்துக்குக் கீழே அவர் ஊதுவத்தியைச் செருகியபோது, புகை நேரே மேலே போகாமல், சட்டத்தின் மூலையிலிருந்து யாரோ ஊதித் தள்ளியதுபோல வாசல் பக்கம் சாய்ந்து போனது. விரலை வைத்துப் பார்த்தார். குளிர்ந்த காற்று. படத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்தார். சுவர்தான் இருந்தது. திரும்ப மாட்டிவிட்டு, காலை வண்டி வருகிற நேரம் என்பதால், பாய்லருக்குக் கரி போடப் போய்விட்டார்.

செவல்மங்கலத்துக்கு மேற்கே மலை தெரியும். தெரியுமே தவிர, அந்த மலையிலிருந்து இறங்கும் சாரலும் காற்றும் வழியிலுள்ள ஊர்களுக்கெல்லாம் பங்கு வைத்து முடித்துவிட்டு, இந்த ஊர் எல்லைக்கு வரும்போது வெறுங்கையோடு நிற்கும். பங்குனி பிறந்துவிட்டால் நாய்கள் சாக்கடைக்குள் படுத்துக்கொள்ளும். வேப்பமரத்தில் ஓர் இலை அசைந்தால் அங்கே காக்கா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில், ஆசாரி செய்த சட்டம் மாட்டியிருந்த வீடுகளிலெல்லாம் சுவரிலிருந்து காற்று வருகிறது என்று தெரிந்தபோது, ஏன் வருகிறது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

அதுவரை ஒட்டடை படிந்து கிடந்த பூட்டன்களும் மாமனார்களும் திடீரென்று மரியாதை பெற்றார்கள்; அவர்கள் படத்துக்குக் கீழே யார் படுப்பது என்று மருமக்கள்மார் முறை வைத்துக்கொண்டார்கள். தலைக்குக் குளித்த பெண்கள் முருகன் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று கூந்தல் உலர்த்தினார்கள். அது குற்றமா என்று கேட்டபோது, சிவன் கோவில் பட்டர் முருகனுக்கு அதில் ஆட்சேபம் இருக்காது என்று சொல்லிவிட்டு, தன் பங்குக்கு அணைந்து அணைந்து போன விளக்கை, கோவிலில் மாட்டியிருந்த சட்டத்தின் மறுபக்கம் நகர்த்தி வைத்தார். பெண் கேட்டுப் போகிறவர்கள், நகை பேசி முடித்த கையோடு, ஆசாரி கைச்சட்டம் ஒன்று சீரில் வருமா, படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஃபேன் கடைக்காரர் மட்டும், இதை எந்த ஆபீசில் போய்ப் புகார் சொல்வது என்று கொஞ்ச நாள் விசாரித்துவிட்டு, கடைசியில் தானும் ஒரு சட்டத்துக்குச் சொல்லிவைத்தார்.

காற்று தினமும் ஒரே மாதிரி வரவில்லை. சித்திரை முழுக்க அதில் ஏலக்காய் மணந்தது. பிறகு ரப்பர் பாலின் புளித்த வாடை. ஆடியில் மழைநீர் ஓடும் மண்ணின் வாசம் வந்து ஊரையே ஏங்கவைத்தது. அதன்பின் மீனும் உப்பும் மீனெண்ணெயும். வாசம் பிடிப்பதில் மைதீன் பிச்சைக்கு ஊரில் யாரும் ஈடில்லை. மக்கா படத்துக்கு நேரே நாற்காலி போட்டு ஏறி, மூக்கை மூலையில் வைத்து, கண்ணை மூடி இழுத்துவிட்டுத்தான் முதல் டீயை ஆற்றுவார்.

"ஆசாரி, இன்னைக்குக் கடல் வாசம். ஒம்ம தம்பி மலையவிட்டு எறங்கிட்டான்" என்பார்.

"எந்தத் தம்பி?" என்பார் கோமதிநாயகம்.

"ஒமக்கு எத்தனை தம்பி வேய் இருக்கு?"

பெஞ்சில் இருப்பவர்கள் டீக்குள் சிரிப்பார்கள். கோமதிநாயகம் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போவார். யாருடைய காற்று அது என்று ஊருக்கு யாரும் சொல்லவேண்டி இருக்கவில்லை. ஒருநாள் அவர் வீட்டு முருகன் படத்தின் கண்ணாடிமேல் மஞ்சளாக மரத்தூள் படிந்து கிடந்தது. அவர் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உருட்டினார். அயினி. மேற்குக் கரையில் படகுக்கு அறுக்கிற மரம். துண்டை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பட்டறைக்குப் போனார்.

தம்பி குற்றாலிங்கம் இருந்தவரை அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. சட்டத்துக்கு நான்கு துண்டு. நெட்டுத் துண்டு இரண்டின் முனைகளையும் அண்ணன் சாய்வாக அறுப்பார், குறுக்குத் துண்டு இரண்டின் முனைகளையும் தம்பி அறுப்பான். நாற்பத்தைந்து டிகிரியும் நாற்பத்தைந்து டிகிரியும் சேர்ந்தால் மூலை. ஆகவே எந்த மூலையை எடுத்தாலும் அதில் ஒரு பாதி அண்ணன், ஒரு பாதி தம்பி. வச்சிரப் பசை தடவி, கயிறு கட்டி இறுக்கி, காய்ந்தபின் இழைத்தால், மரம் அங்கே வளைந்து வளர்ந்ததுபோல இருக்கும். கோடு இருக்கிற இடத்தை நகத்தால் தேடினாலும் நகம் தடுக்காது. மூன்று தாலுகாவில் அப்படி ஒரு மூலை கிடையாது என்பார்கள். அதைக் கேட்கும்போது கோமதிநாயகம் தலையசைப்பார். குற்றாலிங்கம், ஒவ்வொரு இழுப்புக்கும் ரம்பத்தை நிறுத்திக் கோட்டின் மேலிருக்கும் தூளை ஊதுகிறவன், அப்போதும் ஊதிக்கொண்டிருப்பான். அந்த ஊதல் அண்ணனுக்குப் பிடிக்காது. வேலை தாமதம் என்பார்.

பிறகுதான் வெட்டின் சாய்வைச் சரிபார்க்கும் இரும்பு மட்டம் வந்தது. நாற்பத்தைந்துக்கு நிறுத்தி அடித்த, பளபளப்பான, திருநெல்வேலியில் வாங்கிய மட்டம். வாங்கிவந்த அன்றே கோமதிநாயகம் அதைத் தம்பியின் துண்டில் வைத்துப் பார்த்தார். அடியில் வெளிச்சம் தெரிந்தது. வெட்டு ஒரு மயிரிழை கூடுதல். இன்னொரு துண்டை எடுத்தார். அதிலும் கூடுதல். கீழே கிடந்ததையெல்லாம் எடுத்து வைத்து வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே பக்கம், கூடுதல். தன் துண்டில் அவர் வைத்துப் பார்க்கவில்லை. அந்த எண்ணமே அவருக்கு வரவில்லை. துண்டுகளை அள்ளிக்கொண்டுபோய் டீக்கடை முன்னால் போட்டு, ஊர் பார்க்க, "இத்தன வருஷமா எம் பேரக் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கான், கோணல் கைக்காரப் பய" என்றார்.

குற்றாலிங்கம் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். பொறுக்கிய துண்டு ஒன்றின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "சரிண்ணே" என்றான். அன்று மத்தியானம் வந்த பஸ்ஸில் ஏறிப் போனான். தன் ரம்பத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் நான்கு துண்டையும் கோமதிநாயகமே அறுத்தார். மூலைகளின் உள்பக்கம் நகக்கீற்றுப்போல ஓர் இடைவெளி விழுந்தது. மரம் பச்சை என்றார். வச்சிரம் சரியில்லை என்றார். காற்று வர ஆரம்பித்த பிறகு சௌகரியமாகிவிட்டது. காற்று தள்ளித்தான் மூலை விரிந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார், ஊரும் காற்று கிடைத்த சந்தோஷத்தில் ஆமாம் ஆமாம் என்றது.

அவர் மனைவி செண்பகவல்லி அப்படிச் சொல்லவில்லை. அவள் வாக்கப்பட்டு வந்தபோது குற்றாலிங்கம் அரை டவுசர் போட்டுக்கொண்டு அடுப்படியில் தட்டை நீட்டி நின்ற பிள்ளை. அவள் சோறு போட்டு வளர்ந்தவன்.

"காத்து வார பக்கமா ஒருநா போய்ப் பாத்துட்டு வாங்களேன். வாசமே வழி சொல்லுதுல்லா."

"போனவனுக்கு வரத் தெரியாதா? பஸ்ஸு ரெண்டு பக்கமுந்தான ஓடுது."

"ஏசுனது நீங்க. வர வேண்டியது அவனா?"

"கூடுதலா அறுத்தது அவன்."

இந்தப் பேச்சு மாதத்துக்கு ஒருமுறை இதே வார்த்தைகளில் நடந்து, இதே இடத்தில் நிற்கும். கடைசியில் அவள் அவரிடம் கேட்பதை விட்டுவிட்டு, வேறொன்று செய்தாள். காற்று வருவதற்கு வழி இருந்தால் போவதற்கும் இருக்கத்தான் செய்யும் என்று, ஒரு வெள்ளிக்கிழமை சொதி வைத்தாள். தேங்காயில் முதல் பாலும் இரண்டாம் பாலும் பிழிந்து, முருங்கைக்காயும் வெங்காயமும் சிறுபருப்பும் போட்டு, இறக்கி ஆறவைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு அந்தச் சட்டியை முருகன் படத்து மூலைக்கு நேரே ஸ்டூலில் வைத்து, விசிறியால் அந்தப் பக்கமாக வீசினாள். கொழுந்தனுக்கு அதுதான் பிடிக்கும். அடுத்த வெள்ளியும் வைத்தாள். அதற்கடுத்த வெள்ளியும். கோமதிநாயகம் சொதியைச் சாப்பிட்டார். விசிறியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஐப்பசி கழிந்து ஒரு காலை, ஊரில் இருக்கிற ஒவ்வொரு சட்டத்திலிருந்தும் சொதி மணந்தது. மைதீன் பிச்சை நாற்காலியிலிருந்து இறங்காமல் கத்தினார். பட்டர், கோவிலுக்குள் வெங்காயம் கலந்த வாசம் கூடாது என்று சொல்லவேண்டியவர், சும்மா இருந்தார். செண்பகவல்லி முருகன் படத்தின் முன் நின்று ஆழமாக இழுத்தாள்.

"கூறுகெட்ட பய" என்றாள். "அடுப்புல வச்சே எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சிருக்கான். கசந்துல்லா போயிருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கோமதிநாயகம் அன்று பட்டறைக்குப் போகவில்லை. சட்டையை மாட்டினார், கழற்றினார், திரும்ப மாட்டினார். பஸ் நிறுத்தம்வரை போய்விட்டுத் திரும்பிவந்தார். கார்த்திகை முடியட்டும், போய்ப் பார்க்கலாம் என்றார். அவள் அதை நம்பினாள். அவரும் நம்பினார்.

கார்த்திகையில் சூசை ஆசாரி வந்தார். பக்கத்து ஊரில் புதிதாகக் கட்டிய மாதா கோவிலுக்கு மரவேலை முழுக்க எடுத்திருந்தவர். சிலுவைப்பாதைப் படங்களுக்குச் சட்டம் வேண்டும், அந்தக் காலத்து மூலைக்காகத் தேடி வந்தேன் என்றார். பட்டறையில் சாத்தியிருந்த புதுச் சட்டத்தைக் கையில் எடுத்தார். திருப்பினார். சட்டைப்பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து மூலையின் இடைவெளியில் செருகினார். அது நின்றது.

"என்ன அண்ணாச்சி இது, தீப்பெட்டி வைக்கிற மாடமா?"

"காத்துல விரிஞ்சது. எங்க ஊரு விஷயம் ஒமக்குத் தெரியாது."

"தெரியும், தெரியும். கோவில்ல மெழுகுவத்தி நிக்கணும்லா? எனக்குக் காத்து வராத சட்டம் வேணும்." சுவரில் ஆணியில் தொங்கிய இரும்பு மட்டத்தை எடுத்தார். தம்பி போனபின் யாரும் தொடாததால் துரு ஏறியிருந்தது. வேட்டியில் துடைத்து, கோமதிநாயகம் அன்று காலை அறுத்த துண்டின் முனையில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "காத்து விரிச்சுதுங்கீரு. இந்தா பாரும். குறையுது. மயிரிழைதான், ஆனா குறையுது. எட்டு முனையிலயும் குறைஞ்சா மூலை எப்படிவே சேரும்?"

கோமதிநாயகம் பார்த்தார். வேறெதையும் பார்க்க முடியாமல் அந்த வெளிச்சக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அவன் கை கூடுதல், என் கை குறைவு, இரண்டும் கோணல் கை, வம்சத்திலேயே அப்படி என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அந்தத் தீக்குச்சி அவரைத் தூங்கவிடவில்லை. ஊரில் எத்தனை சுவரில் அப்படிக் குச்சி செருகலாம் என்று நினைக்க நினைக்க, தம்பியைத் தேடிப் போவது அவருக்கு மறந்தேபோனது.

மட்டத்துக்குச் சரியாக ஒரு சாய்வுப் பலகை செய்தார். அதில் துண்டை ஒட்டிவைத்து, இழைப்புளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தள்ளினால், முனை நாற்பத்தைந்துக்கு வந்து நிற்கும், அதற்குமேல் சீவாது. மாதா கோவில் சட்டங்கள் அத்தனையும் அதில்தான் முடிந்தன. ஒன்றிலும் குச்சி நுழையவில்லை, காற்றும் வரவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். சட்டத்தைக் கழற்றி, முனைகளைச் சீவி, கண்ணாடியை ஒரு நூல் குறைத்து, திரும்பச் சேர்த்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. என் வேலையில் குறை, நான்தானே சரிசெய்ய வேண்டும் என்றார்.

ஊர் அங்கேதான் பிசகியது. வீட்டுக்கு வந்து, தன் தப்பைத் தானே திருத்திக்கொள்கிறேன் என்று நிற்கிற வேலைக்காரனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வீடும், போனால் போகட்டும், பக்கத்து வீட்டில் காற்று இருக்கிறதே, அங்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துச் சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தது. பக்கத்து வீடும் அப்படியே நினைத்தது. மைதீன் பிச்சை மட்டும் கொஞ்சம் இழுத்தார். "ஆசாரி, இது கெடந்துட்டுப் போவுது. எனக்குப் பழகிட்டு." ஆனால் ஆசாரியின் முகத்தைப் பார்த்ததும் அவரே நாற்காலியில் ஏறிப் படத்தை இறக்கிக் கொடுத்தார்.

தன் வீட்டு முருகன் படத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். தங்கச்சி மகள் வளைகாப்புக்குச் செண்பகவல்லி போன அன்று அதை இறக்கினார். மூலையில் காதை வைத்தார். எங்கோ தூரத்தில் ரம்பம் ஓடுகிற சத்தம். ஓர் இழுப்பு. நிற்கிறது. ஊதுகிற சத்தம். மறுபடி ஓர் இழுப்பு. காதோரத்து நரைமயிர் அசைந்தது. பிறகு, இத்தனை வீட்டில் சரிசெய்துவிட்டு நம் வீட்டில் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்று, பிரித்து, சீவி, வச்சிரம் தடவி, கயிறு கட்டி இறுக்கினார். மூலை சேர்ந்தது. சுத்தமான வேலை.

செண்பகவல்லி திரும்பி வந்ததும் கை வளையல் குலுங்கப் படத்தின் முன் போய் உள்ளங்கையை நீட்டினாள். நீட்டியபடியே நின்றாள். சத்தம் போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் உள்ளே போய், தன் தகரப்பெட்டியிலிருந்து மரச்சட்டம் போட்ட ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதையும் சரி பண்ணிருங்க. இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? நீங்க வெளியூர் வேலைக்குப் போயிருந்தப்ப அவன் தனியா செஞ்சு தந்தது. நாலு துண்டும் அவன் அறுத்ததுதான்."

கோமதிநாயகம் மூலைகளைத் தடவினார். நகம் தடுக்கவில்லை. கூடுதல் வெட்டு நான்கு சேர்ந்தால் இப்படி வராது. வெந்நீரில் வைத்து வச்சிரத்தை இளக்கிப் பிரித்தார். மட்டத்தை வைத்தார். வெளிச்சம் இல்லை. அடுத்த முனை. இல்லை. எட்டு முனையிலும் மட்டம் மரத்தோடு மரமாக உட்கார்ந்தது.

பரணிலிருந்து, இருவரும் சேர்ந்து செய்த பழைய சட்டம் ஒன்றை இறக்கி அதையும் பிரித்தார். தன் துண்டு: மயிரிழை குறைவு. தம்பியின் துண்டு: அதே மயிரிழை கூடுதல்.

மட்டத்தைக் கீழே வைத்தார். "ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"எனக்கு மட்டம் பாக்கத் தெரியாது. நீங்க அறுத்துப் போட்ட துண்ட எடுத்து, கண்ணுக்கு நேரா வச்சுப் பாத்துட்டுத்தான் அவன் தன் துண்டுல கோடு கிழிப்பான். அத மட்டும் பாத்திருக்கேன்."

"ஒரு வார்த்த சொல்லலியே."

"அவனே சொல்லல. நா எப்படிச் சொல்ல?"

மறுநாள் கோமதிநாயகம் சாய்வுப் பலகையை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, பழையபடி கண்ணளவில் அறுக்க உட்கார்ந்தார். மட்டத்தை வைத்துப் பார்த்தார். நாற்பத்தைந்து. இன்னொன்று அறுத்தார். நாற்பத்தைந்து. வீடு வீடாகச் சீவிச் சீவிக் கை திருந்திவிட்டிருந்தது. வேண்டுமென்றே குறைத்துக் கோடு கிழித்து அறுத்துச் சேர்த்துப் பார்த்தார். இடைவெளி விழுந்தது, தீக்குச்சி நின்றது, காற்று வரவில்லை. அது வெறும் மோசமான வேலையாக இருந்தது. பட்டறை நிறைய அப்படிச் சட்டங்கள் சேர்ந்தன. மார்கழி போய், தை போய், மாசியும் போய், பங்குனி வந்தது. ஊர் தன் கட்டில்களை வாசலுக்கு இழுத்துப் போட்டு, பனையோலை விசிறியைத் தேடி எடுத்தது. ஆசாரி மீது யாரும் கோபப்படவில்லை. தங்கள் கையாலேயே கழற்றிக் கொடுத்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. பட்டர் விளக்கைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். அது ஆடாமல் எரிந்தது.

ஒரு காலை கோமதிநாயகம் தம்பியின் ரம்பத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். செண்பகவல்லி இஞ்சிப் பச்சடியை ஒரு தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டிருந்தாள். மேற்கே போகிற வண்டி ஒன்றும் கிழக்கே போகிற வண்டி ஒன்றும் உறுமிக்கொண்டு நின்றன.

மைதீன் பிச்சை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நாற்காலி இப்போதும் மக்கா படத்துக்கு நேரேதான் கிடந்தது.

"பிச்சை, கடைசியா ஒம்ம படத்துல என்ன வாசம் வந்துச்சு?"

மைதீன் பிச்சை ஆற்றுவதை நிறுத்தினார். "எதுக்குக் கேக்கீரு?"

"மலையா, கடலா? நீரு கண்ண மூடிச் சொல்லிருவீருல்லா."

"அதுக்கு முந்தி ஏலக்காயும் வந்துச்சு, மீனும் வந்துச்சு. அப்பக் கேட்டிருந்தா ஊரு பேரோட சொல்லியிருப்பேன்." அவர் குரல் தாழ்ந்தது. "கடைசியா வந்தது சொதி வாசம் ஆசாரி. நீரு கழட்டிட்டுப் போற வரைக்கும் அதேதான் வந்துக்கிட்டிருந்துச்சு. அது ஒம்ம வீட்டு வாசம்லா. அதுக்கு எந்த பஸ்ஸுல ஏறிப் போவீரு?"

மேற்கே போகிற வண்டியின் கண்டக்டர் படியில் தொங்கியபடி விசில் அடித்தார். "பெரியவரே, ஏறுறீரா இல்லையா? எந்த ஊரு?"

கோமதிநாயகம் ரம்பத்தை ஒரு கையிலும் தூக்குச்சட்டியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, பதில் தெரிந்தவரைப்போல வாயைத் திறந்தார்.